முதல் சீட்டிலேயே கான்ட்ராக்ட்டைக் கொடுத்துவிடுகிறீர்களா? ஓப்பனிங் லீட் கோளாறுகளை அறிகுறி பார்த்துச் சரிசெய்வது

பிரிட்ஜ் சீட்டாட்டத்தில் டம்மி (ஏலத்தை வென்று ஆடும் டிக்ளேரரின் பார்ட்னர் மேஜையில் விரிக்கும் கை) விரியும் முன்னால் போடவேண்டிய ஒரே சீட்டு ஓப்பனிங் லீட்தான், அதாவது ஆட்டத்தின் முதல் சீட்டு. கையில் 13 சீட்டு, காதில் ஏலம். அதற்குமேல் தகவல் எதுவும் கிடையாது. ஸ்கோர் எழுதும்போது "கிளப் போட்டிருந்தா டவுன்" (ஏலத்தில் ஒப்புக்கொண்ட கான்ட்ராக்ட் உடைந்திருக்கும்) என்று பார்ட்னர் சொல்வதை நான் பல வருஷம் கேட்டுக்கொண்டிருந்தேன். ஒருகட்டத்தில் எரிச்சல் வந்து, தப்பிப்போன லீட்களை எல்லாம் ஒரு நோட்டில் எழுத ஆரம்பித்தேன். ஏலம் முழுவதும், என் 13 சீட்டு, நான் போட்டது, நடந்தது என்று நான்கு கட்டங்கள். ஐம்பது அறுபது பக்கம் சேர்ந்தபிறகு புரட்டிப் பார்த்தால், திரும்பத் திரும்ப வந்தவை எட்டொன்பது கோளாறுகள்தான். அவற்றில் பாதிக்குமேல் ஒரே காரணம்: சீட்டைப் பார்த்து லீட் போட்டிருக்கிறேன், ஏலத்தைக் கேட்டுப் போடவில்லை.

அப்புறம் புதிதாக ஆடவந்தவர்களுக்குச் சொல்லிக்கொடுத்தபோது அவர்களிடமும் இதே பட்டியலைத்தான் பார்த்தேன். கீழே இருப்பது அதுதான். உங்கள் அறிகுறி எதுவோ அந்தத் தலைப்புக்கு நேராகப் போங்கள். ஒவ்வொன்றிலும் சுலபமான காரணத்தை முதலில் சோதியுங்கள். பார்ட்னரோடு உட்கார்ந்து சிஸ்டத்தையே மாற்றவேண்டிய வேலை கடைசியில்தான் வரும்.

(டிரிக்கை, அதாவது நால்வரும் ஆளுக்கொரு சீட்டுப் போடும் சுற்றை, பிடி என்றும், டிரம்ப்பைத் துருப்பு என்றும், ரஃப்பை வெட்டு என்றும் எழுதியிருக்கிறேன். சூட் என்பது ஸ்பேட், ஹார்ட், டைமண்ட், கிளப் என்ற நான்கு வகைகளில் ஒன்று. நோ டிரம்ப் என்றால் துருப்பில்லாத ஆட்டம்.)

## முதலில்: இது கோளாறுதானா?

போட்டி முடிந்ததும் கையில் தரும் ஹேண்ட் ரெக்கார்டை வைத்து லீட்டைத் தீர்ப்பு சொல்லாதீர்கள். அதில் அச்சிட்டிருக்கும் "4 ஸ்பேட் ஆகாது" (ஸ்பேட் துருப்பாக 10 பிடி வராது) என்பது நான்கு கைகளையும் திறந்து பார்த்துப் போட்ட கணக்கு. ராஜா இல்லாத இடத்தில் ராணியின் கீழிருந்து லீட் போட்டால் உடையும் என்று அது சொல்லும். உங்களுக்கு அது தெரிந்திருக்க வழியே இல்லை.

சோதனை சுலபம். மற்ற மூன்று கைகளையும் மூடிவிட்டு, ஏலத்தையும் உங்கள் 13 சீட்டையும் மட்டும் பாருங்கள். இப்போதும் அதே சீட்டைத்தான் போடுவீர்கள் என்றால் அது கோளாறு இல்லை, சீட்டு விழுந்த விதம். அடுத்த போர்டுக்கு (சீட்டுப் பங்கீட்டுக்கு) போங்கள். ஒரே மாதிரி மூன்று தடவை நடந்தால் மட்டும் கீழே வாருங்கள்.

## அறிகுறி 1: நோ டிரம்ப்பில் என் நீண்ட சூட் தயாராகிறது, எடுக்க வழியில்லாமல் உட்கார்ந்திருக்கிறேன்

### கை பலவீனமாக இருந்ததா?

பெரும்பாலும் இதுதான். "நீண்ட சூட்டில் நான்காவது சீட்டு" என்ற பாடத்தை எல்லோரும் முதல் வாரத்திலேயே கற்றுக்கொள்கிறார்கள். ஆனால் அந்தச் சூட்டை விளைவித்த பிறகு உள்ளே வர (ஒரு பிடி எடுத்து அடுத்த சீட்டைப் போடும் முறையைப் பெற) ஓர் ஆஸோ ராஜாவோ வேண்டும் என்ற பாதி மறந்துபோகிறது.

ஏலம் 1 நோ டிரம்ப், 3 நோ டிரம்ப். அவ்வளவுதான். உங்கள் கை:

ஸ்பேட்: ஜாக்கி 10 3
ஹார்ட்: 6 4
டைமண்ட்: ராணி 8 6 4 2
கிளப்: 9 5 3

கை தானாக டைமண்ட் 4-க்குப் போகும். நிறுத்தி ஒரு கூட்டல் கழித்தல் போடுங்கள். ஆஸுக்கு 4, ராஜாவுக்கு 3, ராணிக்கு 2, ஜாக்கிக்கு 1 புள்ளி. ஏலத்தைத் திறந்தவர் 15 முதல் 17, பதில் சொன்ன அவர் பார்ட்னர் 10 முதல் 15 என்று வையுங்கள். உங்களிடம் 3. மொத்தம் 40-ல் பார்ட்னருக்கு 5 முதல் 12 வரை மிச்சம் இருக்கிறது. அதாவது இந்தப் பக்கத்தில் உள்ளே வரப்போகிறவர் அவர்தான், நீங்கள் அல்ல. டைமண்டைப் பாடுபட்டு விளைவித்தாலும் அறுவடைக்கு நீங்கள் வரப்போவதில்லை.

அப்படியானால் பார்ட்னரின் நீண்ட சூட்டைக் கண்டுபிடிப்பதுதான் உங்கள் வேலை. பதில் சொன்னவர் ஸ்டேமன் (மேஜர், அதாவது ஸ்பேடோ ஹார்ட்டோ நான்கு சீட்டு இருக்கிறதா என்று விசாரிக்கும் 2 கிளப்) கேட்கவில்லை, டிரான்ஸ்ஃபரும் (தன் நீண்ட சூட்டைப் பார்ட்னரைச் சொல்லவைக்கும் ஏலம்) இல்லை. அவரிடம் நான்கு சீட்டு மேஜர் இருக்க வாய்ப்பு குறைவு. ஆகவே ஸ்பேட், ஹார்ட் இரண்டில் ஒன்று பார்ட்னரிடம் நீளமாக இருக்கும். ஸ்பேடில் உங்களிடம் மூன்று சீட்டு, அதில் ஜாக்கியும் 10-ம். ஸ்பேட் ஜாக்கி போடுங்கள். சில நாள் பார்ட்னருக்கு ஹார்ட்தான் நீளமாக இருக்கும், தப்பும். பரவாயில்லை, நோட்டில் எழுதிக்கொள்ளுங்கள். கணக்கு சரியாக இருக்கும்வரை லீட் சரிதான்.

### கையில் என்ட்ரி (உள்ளே வரும் சீட்டு) இருந்தும் நடக்கவில்லையா?

இரண்டு இடங்களில் பாருங்கள். ஒன்று, உங்கள் ஐந்து சீட்டுச் சூட்டை டிக்ளேரரே ஏலத்தில் சொல்லியிருந்தாரா? சொல்லியிருந்தால் அதை விட்டுவிடுங்கள். இரண்டு, சீக்வென்ஸை (ஒட்டி வரும் பெரிய சீட்டுகளை) தப்பாகப் படித்தீர்களா? ராஜா ராணி 7 4 2 போன்ற கையை வைத்துக்கொண்டு நோ டிரம்ப்புக்கு எதிராக ராஜாவைப் போடுகிறவர்களை நிறையப் பார்க்கிறேன். ஒட்டிய மூன்றோ (ராணி ஜாக்கி 10), இரண்டு ஒட்டி ஒன்று விட்டதோ (ராஜா ராணி 10), நடுவில் ஒட்டியதோ (ராஜா ஜாக்கி 10) இருந்தால்தான் நோ டிரம்ப்பில் பெரிய சீட்டு. கடைசியில் சொன்னதில் ஜாக்கி போடவேண்டும். மேலே சொன்ன ராஜா ராணி 7 4 2-ல் சரியான சீட்டு 4. அதே கை சூட் கான்ட்ராக்ட்டுக்கு எதிராக என்றால் ராஜாதான், யோசிக்கவே வேண்டாம். அங்கே பொறுமைக்கு இடமில்லை, மூன்றாவது சுற்றிலேயே யாராவது வெட்டிவிடுவார்கள்.

### எல்லாம் சரி, பார்ட்னர் அடுத்த சுற்றில் வேறு சூட்டுக்கு மாறிவிட்டாரா?

அப்படியானால் அவர் 11 கணக்கைப் போடவில்லை. நான்காவது சீட்டு லீட் என்றால், 11-லிருந்து அந்த எண்ணைக் கழித்து வருவது, மற்ற மூன்று கைகளில் அதற்கு மேலிருக்கும் சீட்டுகளின் எண்ணிக்கை. நீங்கள் 6 போட்டால் மிச்சம் 5. டம்மியில் ராணியும் 8-ம் தெரிகிறது, பார்ட்னரிடம் ராஜாவும் 10-ம். நான்கு வந்துவிட்டது. ஆக டிக்ளேரரிடம் 6-க்கு மேல் ஒரே ஒரு சீட்டு. இந்தச் சின்னக் கணக்கை இரண்டு பேரும் பத்து போர்டில் வாய்விட்டுப் போட்டுப் பழகினால் இந்தக் கிளை மூடிவிடும்.

## அறிகுறி 2: டிக்ளேரரின் ஒற்றை ராஜா பிடி எடுத்துவிட்டது, என் ஆஸ் கடைசிவரை தூங்கியது

கான்ட்ராக்ட் 4 ஹார்ட். உங்களிடம் கிளப் ஆஸ் 9 6 3. நீங்கள் 3 போட்டீர்கள், டம்மி சின்னது, பார்ட்னர் ஜாக்கி, டிக்ளேரர் தன்னிடமிருந்த ஒரே கிளப்பான ராஜாவால் எடுத்தார். அடுத்த கிளப்பை வெட்டிவிடுவார். உங்கள் ஆஸ் காகிதம்.

காரணம் ஒன்றே ஒன்று: நோ டிரம்ப் பழக்கத்தைச் சூட் கான்ட்ராக்ட்டுக்குத் தூக்கிக்கொண்டு வந்தது. சூட் கான்ட்ராக்ட்டில் ஆஸின் கீழிருந்து ஓப்பனிங் லீட் போடாதீர்கள். பெரிய ஆட்டக்காரர்கள் வருஷத்துக்கு ஒருமுறை போட்டுக் கைதட்டு வாங்குவார்கள். அந்தக் கதையை நீங்கள் கேட்கவில்லை என்று வைத்துக்கொள்ளுங்கள்.

சரி, ஆஸையே போட்டுவிடலாமா என்றால் அதுவும் நஷ்டம். ராஜா கூட இல்லாத ஆஸ், எதிராளியின் ராஜாவையோ ராணியையோ பிடிப்பதற்காக இருக்கிறது. காற்றில் வீசினால் இரண்டு சின்னச் சீட்டைத்தான் பிடிக்கும். பார்ட்னர் அந்தச் சூட்டைச் சொல்லியிருந்தால் கதை வேறு, அப்போது ஆஸைப் போடுங்கள்.

என் பழக்கம் இது. சூட் கான்ட்ராக்ட்டில் முதலில் ஆஸ் மட்டும் இருக்கும் சூட்டைப் பட்டியலிலிருந்து நீக்கிவிடுவேன். அப்புறம் டிக்ளேரர் சொன்ன சூட்டை. மிச்சமிருப்பதில்தான் தேடுவேன். பாதி நேரம் ஒரே சூட்தான் மிச்சமிருக்கும், யோசனையும் மிச்சம்.

## அறிகுறி 3: ஒற்றைச் சீட்டு லீட் போட்டேன், வெட்டு கிடைக்கவே இல்லை

இந்தத் தலைப்பில்தான் என் நோட்டில் அதிகப் பக்கங்கள் போயிருக்கின்றன. ஒற்றைச் சீட்டைப் பார்த்ததும் கை அரிக்கும். அந்த அரிப்புக்கு நான் கொடுத்த விலை கொஞ்சநஞ்சம் இல்லை.

### உங்கள் கையில் புள்ளி எத்தனை?

ஒருநாள் 14 புள்ளியோடு 4 ஸ்பேடுக்கு எதிராக ஒற்றை டைமண்ட் லீட் போட்டேன். எதிராளிகள் கேம் (போனஸ் தரும் உயர்ந்த ஏலம்) வரை போயிருக்கிறார்கள், என்னிடம் 14. பார்ட்னரிடம் என்ன இருக்கும்? ஒன்றும் இல்லை. எனக்கு வெட்டுக் கொடுக்க அவர் எந்தச் சீட்டால் உள்ளே வருவார்? வரவே இல்லை. போதாக்குறைக்கு, பார்ட்னரிடம் இருந்த ஒரே பெரிய சீட்டான டைமண்ட் ராணியை டிக்ளேரருக்கு நானே காட்டிக்கொடுத்திருந்தேன்.

சோதனை: புள்ளி குறைவாக இருக்கும்போதுதான் ஒற்றை லீட் வேலை செய்யும். பார்ட்னரிடம் மீதிப் பலம் இருக்கவேண்டும்.

### உங்கள் துருப்பு எப்படி?

துருப்பு ஆஸ் 6 2 அல்லது ராஜா 6 2 என்றால் அருமை. டிக்ளேரர் துருப்பை இழுக்க வந்தால் குறுக்கே நிறுத்தி, பார்ட்னரிடம் போய், மிச்சமிருக்கும் சின்னத் துருப்பால் வெட்டலாம். துருப்பு ராணி ஜாக்கி 9 என்றால் வேண்டாம். அது எப்படியும் ஒரு பிடி எடுக்கும். அதை வைத்து வெட்டுவது சொந்தப் பணத்தை இடது பையிலிருந்து வலது பைக்கு மாற்றுவது.

### துருப்பு நான்கு இருந்ததா?

இருந்தால் ஒற்றையை மறந்துவிட்டு நீண்ட சூட்டைப் போடுங்கள். கேட்க விநோதமாக இருக்கும், கணக்கு பாருங்கள். டிக்ளேரரிடம் துருப்பு 5, டம்மியில் 3, உங்களிடம் 4, பார்ட்னரிடம் 1. உங்கள் துருப்பு ஆஸ் 8 5 3, பக்கச் சூட் (துருப்பல்லாத சூட்) ராஜா ராணி 10 7 4. பக்கச் சூட்டில் டிக்ளேரரை வெட்டவையுங்கள். இரண்டு தடவை வெட்டினால் அவரிடம் 3 துருப்பு, உங்களிடம் 4. அதற்குமேல் அவர் துருப்பை இழுத்தால் தானே காலியாவார், இழுக்காவிட்டால் நீங்கள் வெட்டுவீர்கள். இதை ஒருமுறை மேஜையில் செய்துபார்த்தவர் நான்கு துருப்போடு ஒற்றை லீட் போடவே மாட்டார்.

### ஒற்றை எந்தச் சூட்டில்?

டிக்ளேரர் சொன்ன பக்கச் சூட்டில் ஒற்றை லீட் போட்டால், அவர் தானாக ஆடவேண்டிய சூட்டை நீங்களே திறந்துவிட்டதாகும். மேலே சொன்ன மூன்று சோதனையும் தேறினால் மட்டும் போடுங்கள். பார்ட்னர் சொன்ன சூட்டில் ஒற்றை என்றால் கேள்வியே இல்லை.

## அறிகுறி 4: டம்மி இரண்டு மூன்று தடவை வெட்டி கான்ட்ராக்ட்டை முடித்துவிட்டது

துருப்பு லீட் போட மறந்திருக்கிறீர்கள். "சந்தேகம் வந்தால் துருப்பு" என்று ஒரு பழைய பேச்சு உண்டு. அதை நான் நம்புவதில்லை. துருப்பு லீட்டை ஏலம் கேட்டு வாங்கவேண்டும், குழப்பத்தில் எடுக்கக்கூடாது. ஏலம் அதைக் கேட்கும் இடங்கள் மூன்று.

முதலாவது, டம்மி டிக்ளேரரின் முதல் சூட்டை ஒதுக்கி இரண்டாவதில் நின்றது. ஏலம்: 1 ஸ்பேட், 1 நோ டிரம்ப், 2 ஹார்ட், பாஸ். உங்கள் கை:

ஸ்பேட்: ராஜா ஜாக்கி 10 8
ஹார்ட்: 7 5 2
டைமண்ட்: ராணி 6 3
கிளப்: ஜாக்கி 9 4

டம்மியில் ஸ்பேட் குறைவு. டிக்ளேரர் தன் ஸ்பேடுகளை டம்மியில் வெட்டித்தான் பிழைக்கவேண்டும். நீங்கள் அவருக்கு அடுத்து உட்கார்ந்து ஸ்பேடைப் பிடித்துவைத்திருக்கிறீர்கள். ஹார்ட் 2 போடுங்கள். உள்ளே வரும்போதெல்லாம் இன்னொரு ஹார்ட். மற்ற மூன்று சூட்டிலும் லீட் போட்டால் ஏதாவது கொட்டிப்போகும் என்பதையும் கவனியுங்கள்.

இரண்டாவது, எதிராளி 1 ஹார்ட் திறந்தார், நீங்கள் டேக்அவுட் டபுள் (பார்ட்னரை வேறு சூட் சொல்லக் கேட்கும் டபுள்), பார்ட்னர் அதைப் பாஸ் செய்து தண்டனையாக மாற்றிவிட்டார். அவரிடம் டிக்ளேரரைவிட நல்ல துருப்பு இருக்கிறது என்று அர்த்தம். துருப்பு போடுங்கள். ஒற்றைத் துருப்பானாலும் போடுங்கள்.

மூன்றாவது, புள்ளியெல்லாம் உங்கள் பக்கம் இருக்க, எதிராளி 5-ல் பலி கொடுக்க (உடைந்தாலும் நஷ்டம் குறைவு என்று தெரிந்தே ஏற) வந்திருக்கிறார். அவர்கள் நம்பியிருப்பது வெட்டை மட்டும்தான்.

இவை இல்லாத இடத்தில், குறிப்பாக உங்களிடம் ஒற்றைத் துருப்பு இருக்கும்போது, துருப்பில் கை வைக்காதீர்கள். பார்ட்னரிடம் ராணி சின்னது சின்னது இருந்தால் அவர் ராணியை நீங்களே பிடித்துக்கொடுத்துவிடுவீர்கள். துருப்பு ராணி உங்களிடமே மூன்று சீட்டாக இருந்தாலும் இதே கதைதான்.

## அறிகுறி 5: டம்மியின் நீண்ட சூட்டில் தோற்கவேண்டிய சீட்டை எல்லாம் கழித்துவிட்டார்

இது நான்காம் அறிகுறியின் நேர் எதிர். அங்கே அவசரம் வேண்டாம், இங்கே அவசரம் வேண்டும். இரண்டையும் குழப்பிக்கொள்வதுதான் நடுத்தர ஆட்டக்காரர்களின் பெரிய வியாதி என்பது என் அபிப்பிராயம்.

ஏலம்: 1 ஸ்பேட், 2 டைமண்ட், 2 ஸ்பேட், 4 ஸ்பேட். உங்கள் கை:

ஸ்பேட்: 8 3
ஹார்ட்: ராஜா 9 6 2
டைமண்ட்: ராஜா 7 4
கிளப்: 10 8 5 3

பத்திரமாகக் கிளப் போடலாம் என்று தோன்றும். டைமண்டைப் பாருங்கள். டம்மியில் நீண்ட டைமண்ட், உங்கள் ராஜா டம்மிக்கு முன்னால் உட்கார்ந்திருக்கிறது. டிக்ளேரர் ஃபினெஸ் (உங்கள் ராஜாவைத் தாண்டி டம்மியின் அதைவிடச் சிறிய சீட்டால் பிடி எடுக்கும் முயற்சி) போட்டால் நடக்கும். அந்தச் சூட் ஓடப்போகிறது, அதில் ஹார்ட்டும் கிளப்பும் கழியப்போகின்றன. காத்திருக்க நேரமில்லை. ஹார்ட் 2 போடுங்கள். பார்ட்னரிடம் ஹார்ட் ராணி இருந்தால் ஒரு பிடி உடனே விளையும், ஆஸ் இருந்தால் இரண்டு. எதிராளியிடம் ஆஸும் ராணியும் சேர்ந்து இருந்தால் ஒரு பிடி போகும். அந்தப் பிடி எப்படியும் டைமண்டில் கழிந்துதான் போயிருக்கும்.

சோதனை ஒன்றே: டம்மி சொன்ன பக்கச் சூட்டில் உங்கள் சீட்டு டிக்ளேரருக்கு வசதியா, தொல்லையா? வசதி என்றால் ஏலத்தில் யாரும் சொல்லாத சூட்டைத் தாக்குங்கள், ராஜாவின் கீழிருந்தோ ராணியின் கீழிருந்தோ ஆனாலும் சரி. அந்தச் சூட்டில் உங்களிடமே நாலைந்து சீட்டு இருந்து, அது ஓடாது என்று தெரிந்தால், கொடுக்காமல் இருங்கள்: மூன்று சின்னதின் மேல் சீட்டு, அல்லது துருப்பு.

ஏலத்தின் தொனியும் சொல்லும். 1 ஸ்பேட், 2 ஸ்பேட், 3 ஸ்பேட், 4 ஸ்பேட் என்று தடவித் தடவி ஏறினார்களா? அவர்களிடம் மிச்சம் ஒன்றும் இல்லை, நீங்கள் ஒரு பிடி பரிசு தராதவரை உடையலாம். 1 நோ டிரம்ப், 2 நோ டிரம்ப், 3 நோ டிரம்ப் என்று நொண்டினாலும் அப்படியே.

## அறிகுறி 6: பார்ட்னர் சொன்ன சூட்டைத்தான் போட்டேன், அப்படியும் திட்டு விழுந்தது

சூட் சரி, சீட்டு தப்பு. "பார்ட்னர் சூட்டில் இருப்பதில் பெரியதைப் போடு" என்ற பழைய உபதேசம் இன்னும் உயிரோடு இருக்கிறது. இரண்டு சீட்டு இருந்தால் பெரியது, சரி. மூன்று சீட்டில் ராஜாவோ ராணியோ ஜாக்கியோ இருந்தால் சின்னது.

ஏன் என்று ஒருமுறை சீட்டை விரித்துப் பாருங்கள். கான்ட்ராக்ட் நோ டிரம்ப். உங்களிடம் ராணி 7 3, டம்மியில் 8 6, பார்ட்னரிடம் ஆஸ் 10 9 5 2, டிக்ளேரரிடம் ராஜா ஜாக்கி 4. நீங்கள் ராணியைப் போட்டால் டிக்ளேரருக்கு ராஜா, ஜாக்கி இரண்டும் பிடி. 3 போட்டால் பார்ட்னர் ஆஸில் எடுத்துத் திருப்பி அனுப்புவார். டிக்ளேரர் ஜாக்கி வைத்தால் உங்கள் ராணி எடுக்கும், ராஜா வைத்தால் அடுத்த சுற்றில் உங்கள் ராணி ஜாக்கியைப் பிடிக்கும். அவருக்கு ஒரே ஒரு பிடி.

ஆஸ் மூன்று சீட்டாக இருந்தால்: சூட் கான்ட்ராக்ட்டில் ஆஸ், நோ டிரம்ப்பில் பெரும்பாலும் சின்னது.

பார்ட்னர் வாயைத் திறக்கவே இல்லையா? அப்போதும் அவர் பேசியிருக்கலாம். எதிராளியின் செயற்கை ஏலத்தை (ஸ்டேமன் 2 கிளப், டிரான்ஸ்ஃபர், ஆஸ் எத்தனை என்று கேட்கும் பிளாக்வுடுக்கான பதில்) அவர் டபுள் செய்திருந்தால், அந்தச் சூட்டைப் போடு என்று அர்த்தம். இதன் மறுபக்கத்தைப் பலர் கவனிப்பதில்லை: டபுள் செய்ய வசதியாக இருந்தும் அவர் செய்யவில்லை என்றால் அந்தச் சூட்டில் அவருக்குப் பெரிதாக ஒன்றும் இல்லை. இரண்டு சூட்டுக்கு நடுவே ஊசலாடும்போது இது ஒன்றே போதும். நீங்கள் இருவரும் ஏலத்தில் எதுவும் சொல்லாமல் இருந்து, கடைசியில் பார்ட்னர் 3 நோ டிரம்ப்பை டபுள் செய்தால், வழக்கமான அர்த்தம் டம்மி முதலில் சொன்ன சூட்டைப் போடு என்பது.

## அறிகுறி 7: ஸ்லாம் எல்லாம் ஆகிவிடுகிறது

ஸ்லாம் என்றால் 12 அல்லது 13 பிடிக்கான கான்ட்ராக்ட். 6 நோ டிரம்ப்பா, சூட்டில் 6-ஆ, 7-ஆ என்று முதலில் பிரியுங்கள். மூன்றுக்கும் ஒரே மருந்து கிடையாது.

6 நோ டிரம்ப்பில் அவர்களிடம் சுமார் 33 புள்ளி. உங்களிடம் 5 இருந்தால் பார்ட்னரிடம் 2. ராஜாவின் கீழிருந்து போட்டால் அதைத் தாங்கிப்பிடிக்க அவரிடம் சீட்டு இல்லை. சின்னச் சீட்டுகள் இருக்கும் சூட்டைப் போட்டுவிட்டுச் சும்மா இருங்கள். 7-லும் பத்திரம்தான் முக்கியம், துருப்பு பெரும்பாலும் பொருந்தும்.

சூட்டில் 6 என்றால் தலைகீழ். இரண்டு பிடிதான் வேண்டும், ஆனால் டிக்ளேரர் கழிக்க ஆரம்பிக்கும் முன்னால் வேண்டும். சொல்லாத சூட்டில் ராஜாவின் கீழிருந்து தைரியமாகப் போடுங்கள். கையில் ஓர் ஆஸ் இருந்தால் உடனே அடித்துவிடத் தோன்றும். துருப்பில் எப்படியும் ஒரு பிடி வரும் என்று தெரிந்தால் அடிக்கலாம். இல்லையென்றால் இரண்டாவது பிடியை விளைவிக்கும் லீட்டைத் தேடுங்கள், ஆஸ் காத்திருக்கட்டும்.

எதிராளிகள் தாங்களாகவே ஏறிய ஸ்லாமைப் பார்ட்னர் டபுள் செய்தால், அது லைட்னர் டபுள். தியோடர் லைட்னர் என்ற அமெரிக்க ஆட்டக்காரர் கொண்டுவந்தது. "வழக்கமான லீட் வேண்டாம்" என்பதே அதன் பொருள். துருப்பு கூடாது, நாம் சொன்ன சூட்டும் கூடாது. பெரும்பாலும் டம்மி முதலில் சொன்ன பக்கச் சூட். உங்களிடம் ஆறு சீட்டுச் சூட் ஒன்று இருந்தால் அதையும் பாருங்கள், பார்ட்னர் அதில் காலியாக இருந்து வெட்டக் காத்திருக்கலாம்.

## அறிகுறி 8: லீட் சரி, பார்ட்னர் தப்பாகப் படித்தார்

செலவு அதிகம் பிடிக்கும் கோளாறு இது. ஒரு ஆளைச் சரிசெய்தால் போதாது.

முதலில் ஒப்பந்தத்தைச் சோதியுங்கள். ஆஸ் ராஜா சேர்ந்திருந்தால் நீங்கள் போடுவது ஆஸா, ராஜாவா? இரண்டு பேரையும் தனித்தனியாக எழுதச் சொல்லுங்கள். பதில் வேறாக வந்தால் நோய் அங்கேயே கிடைத்துவிட்டது. எது என்பது முக்கியமில்லை, ஒன்றாக இருப்பதுதான் முக்கியம். மூன்று சின்னச் சீட்டில் மேலதா, நடுவிலதா, கீழதா? அதையும் எழுதுங்கள்.

அது சரியென்றால் அடுத்தது நான்காவது சீட்டா, மூன்றாவது-ஐந்தாவதா என்பது. சூட் கான்ட்ராக்ட்டில் மூன்றாவது-ஐந்தாவது ஆடுகிறவர்கள் 11 கணக்கை மறந்துவிடவேண்டும். மூன்றாவது சீட்டு என்றால் 12-லிருந்தும், ஐந்தாவது என்றால் 10-லிருந்தும் கழிக்கவேண்டும். பாதிப் பேர் சிஸ்டத்தை மாற்றிவிட்டுக் கணக்கைப் பழையபடி போடுகிறார்கள். மாற்றுவதானால் ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள். கன்வென்ஷன் கார்டில் (ஜோடியின் ஒப்பந்தங்களை எழுதும் அட்டையில்) அன்றே எழுதுங்கள்.

## அறிகுறி 9: என் முறை இல்லாதபோது லீட் போட்டுவிட்டேன்

நீங்களாகச் சரிசெய்யாதீர்கள், டைரக்டரை (போட்டி நடுவரை) கூப்பிடுங்கள். சீட்டைக் கவிழ்த்து வைத்திருந்தால் டைரக்டர் சொன்னபிறகு திரும்பக் கைக்கு எடுத்துக்கொள்ளலாம், அதோடு தீர்ந்தது. கவிழ்த்து வைத்து, "கேள்வி இருக்கா?" என்று பார்ட்னரிடம் கேட்பது இதற்காகத்தான். மலர்த்திப் போட்டிருந்தால் டிக்ளேரருக்கு ஐந்து வழிகள் திறக்கின்றன. தன் கையை விரித்துத் தானே டம்மி ஆகலாம். லீட்டை ஏற்று டம்மியைப் பார்க்கலாம். உங்கள் பார்ட்னரை அதே சூட்டைப் போடச் சொல்லலாம், அல்லது போடக்கூடாது என்று சொல்லலாம். இல்லையேல் அவர் விருப்பத்துக்கு விட்டு, உங்கள் சீட்டை மேஜையிலேயே தண்டனைச் சீட்டாக வைத்திருக்கலாம். ஐந்தையும் விளக்குவது டைரக்டரின் வேலை, எதிராளியின் வேலை அல்ல.

## எப்போது பெரிய ஆட்டக்காரரிடம் போகவேண்டும்?

நாற்பது லீட் எழுதியும் ஒரே தலைப்பு திரும்பத் திரும்ப வந்தால். அல்லது எந்தத் தலைப்பிலும் அடங்காத தோல்விகளாகவே இருந்தால்.

போகும்போது ஹேண்ட் ரெக்கார்டை எடுத்துப்போகாதீர்கள். ஏலத்தையும் உங்கள் 13 சீட்டையும் மட்டும் ஒரு தாளில் எழுதுங்கள். கான்ட்ராக்ட் டபுள் செய்யப்பட்டதா, ஜோடிப் போட்டியா அணிப் போட்டியா என்பதையும் எழுதுங்கள். ஜோடிப் போட்டியில் ஒரு ஓவர்டிரிக் (கான்ட்ராக்ட்டுக்கு மேல் ஒரு பிடி) கொடுப்பதும் காசு, அணிப் போட்டியில் கான்ட்ராக்ட்டை உடைப்பதுதான் காசு. பதில் அதற்கேற்ப மாறும். நடந்ததைச் சொல்லாமல், நீங்கள் போட்டதையும் சொல்லாமல், "என்ன போடுவீர்கள்?" என்று மட்டும் கேளுங்கள். மூன்று பேரிடம் தனித்தனியாகக் கேளுங்கள். இரண்டு பேர் உங்கள் சீட்டையே சொன்னால் அந்தப் பக்கத்தைக் கிழித்துப் போடலாம்.

நான் முதல் தடவை போனபோது தாளில் 13 சீட்டையும் அழகாக எழுதி, ஏலத்தில் எதிராளிகள் சொன்னதை மட்டும் எழுதியிருந்தேன். அவர் தாளைத் திருப்பிக் கொடுத்து, "உங்க பார்ட்னர் எந்த இடத்துல எல்லாம் பாஸ் சொன்னார்னு எழுதிட்டு வாங்க" என்றார். எனக்கு நினைவில்லை.